சி-யில் படம் தேட க்ளாப் போதுமா, ரீட்டிர் வேண்டுமா?

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவுக்காக சி-யில் சின்ன புரோகிராம். லினக்ஸ். கல்யாண ஃபோல்டரில் ஜேபிஜி படங்களை மட்டும் பொறுக்கி பேக்கப் எடுக்க வேண்டும். ஃபோல்டரில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தரும் ரீட்டிரில் வரும் ஒவ்வொரு பெயரிலும் ‘.ஜேபிஜி’ இருக்கிறதா என்று எழுத்துத் தொடருக்குள் தேடும் எஸ்டிஆர்எஸ்டிஆர் வைத்துப் பார்க்கிறேன். ‘மாலை.ஜேபிஜி.டெம்ப்’ போன்ற அரைகுறை ஃபைலும் சேர்ந்து வருகிறது.

முத்தியால்பேட்டை:
பெயரில் எந்த இடத்தில் இருந்தாலும் எஸ்டிஆர்எஸ்டிஆர் சரி என்றுதானே சொல்லும், தம்பி. பேட்டர்னுக்குப் பொருந்தும் பெயர்களைத் தேடித் தரும் க்ளாப் இருக்க ஏன் இந்தப் பாடு? ‘*.ஜேபிஜி’ என்று கொடுங்கள், வரிசைப்படுத்தியே தரும். கடைசியில் மெமரியை விடுவிக்க க்ளாப்ஃப்ரீ. வேலை முடிந்தது.

தேவனாம்பட்டினம்:
எங்கே முடிந்தது அண்ணே? ஸ்டூடியோவில் ஃபோல்டருக்கு ‘ரிசப்ஷன் [2]’ என்று பெயர் வைப்பார்கள். பாதையோடு அதை க்ளாப்பிடம் கொடுத்தால் சதுர அடைப்பையும் பேட்டர்னாக எடுத்துக்கொண்டு ‘ரிசப்ஷன் 2’ என்ற ஃபோல்டரைத் தேடும். படமே இல்லை என்று வரும். போதாததற்கு, கேமராக்கள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதும். சின்ன எழுத்தில் தேடினால் சிக்காது. லூப் அப்படியே இருக்கட்டும், எஸ்டிஆர்எஸ்டிஆர் இருக்கிற இடத்தில், முழுப் பெயரும் பேட்டர்னுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் எஃப்என்மேட்ச், கூடவே பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காமலிருக்க கேஸ்ஃபோல்ட் ஃப்ளாக். அந்த ஃப்ளாக் கிடைக்க, புரோகிராமின் மேலே குனு சோர்ஸ் டிஃபைன் செய்ய மறக்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை:
அடைப்புக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டால் போச்சு. ரீட்டிர் எந்த வரிசையில் தரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாலி கட்டுகிற படம் பெண்ணழைப்புக்கு முன்னால் வந்தால் ஆல்பம் போடுகிறவர் யாரைத் திட்டுவார்?

தேவனாம்பட்டினம்:
தம்பி கேட்டது பேக்கப், ஆல்பம் இல்லை. காப்பி எடுக்க வரிசை எதற்கு? வேண்டுமானால் பெயர் வரிசையில் தர ஸ்கேன்டிரும் ஆல்ஃபாசார்ட்டும் இருக்கின்றன. க்ளாப் எல்லாப் பெயரையும் மெமரியில் திரட்டிவிட்டுத்தான் திரும்பும்.

கெடிலக்கரை:
எஃப்என்மேட்ச் போட்டதும் டெம்ப் ஒழிந்தது. இப்போது ‘பழையது.ஜேபிஜி’ என்று ஒரு ஃபோல்டரே வருகிறது! ஃபைலா ஃபோல்டரா என்று ரீட்டிர் சொல்லும் டி_டைப் பார்த்தால் போதுமா?

தேவனாம்பட்டினம்:
போதாது. சில ஃபைல் சிஸ்டங்களில் டிடி_அன்நோன், அதாவது ‘தெரியாது’ என்றுதான் வரும். அப்போது ஃபைலின் விவரம் தரும் எல்ஸ்டாட் போட்டுப் பாருங்கள். ரீட்டிர் தருவது வெறும் பெயர், முன்னால் ஃபோல்டர் பாதையைச் சேர்க்காவிட்டால் எல்ஸ்டாட் தோற்றுப்போகும்.

முத்தியால்பேட்டை:
ஒரு வரி வேலைக்கு லூப், ஃப்ளாக், எல்ஸ்டாட், பாதை ஒட்டுவது! நடத்துங்கள்.

தேவனாம்பட்டினம்:
அண்ணே, அந்த ஃபோல்டரை உங்கள் க்ளாப்பும்தான் பட்டியலில் சேர்த்துத் தரும். எல்ஸ்டாட் உங்களுக்கும் உண்டு.