எம்எஸ் 250 செயின் ரம்பத்துக்கு எடை குறைந்த பார், செயின் எது போடலாம்? (சீமைக் கருவேலம் வெட்ட)

கரிசல்காடு:

வணக்கம். மெஷின் ஸ்டில் எம்எஸ் 250, 45.4 சிசி. இப்போது மாட்டியிருப்பது 18 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), .325 பிட்ச் (செயினின் ரிவெட் இடைவெளி, இஞ்ச் கணக்கில்), 1.6 மி.மீ கேஜ் (பாரின் காடிக்குள் இறங்கும் லிங்கின் கனம்), அப்படி இறங்கும் லிங்க் 68 உள்ள செயின். வேலை முழுக்கச் சீமைக் கருவேலம். ஒரே தூரில் ஏழெட்டுக் கிளை கிளம்பியிருக்கும், பெரும்பாலும் 4 முதல் 8 இஞ்ச் கனம். அடித்தூர் சில இடங்களில் 12 இஞ்ச் வரை வரும். விறகும் கரிமூட்டத்துக்கான கட்டையும்தான், பலகை கிடையாது.

நாள் முழுக்கக் குனிந்தே அறுப்பதால் முன்பாரம் மணிக்கட்டையும் இடுப்பையும் வாங்குகிறது. எடை குறைக்க வேண்டும். கேள்விகள் மூன்று: 1.1 மி.மீ பார் ரொம்ப லேசு என்கிறார்கள், இதில் போடலாமா? பழைய பாரையே வைத்துக்கொண்டு 1.3 செயின் மட்டும் மாற்றினால் ஆகாதா? நீளத்தைக் குறைத்தால் 12 இஞ்ச் தூருக்குக் காணுமா?

அரமும்பல்லும்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் உங்கள் விடை அங்கேதான் இருக்கிறது. எடை என்றதும் எல்லோரும் பாரின் தகட்டைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நீளம். 18 இஞ்சிலிருந்து 14க்கு வந்தால் பாரின் எடை கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். அந்த எடை தொங்கும் தூரமும் அதே விகிதத்தில் குறையும். இரண்டையும் பெருக்கினால், பாரின் அடியிலிருந்து பார்க்கும்போது முன்பக்க இழுப்பு சுமார் 40 சதவீதம் குறைகிறது. எவ்வளவு விலையுள்ள லைட் பார் வாங்கினாலும் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு இந்த அளவு குறைக்க முடியாது.

12 இஞ்ச் தூரை 14 இஞ்ச் பார் ஒரு பக்கமிருந்தே அறுத்துவிடும். அதைவிடக் கனமாக வந்தால் இரண்டு பக்கமும் சுற்றி அறுங்கள். வருடத்தில் பத்து மரத்துக்காக மீதி நாளெல்லாம் 18 இஞ்சைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

அடுத்தது செயின். .325 1.6 என்பது தடித்த செயின். அதற்குப் பதில் 3/8 பி (உயரம் குறைந்த 3/8 பிட்ச் செயின்), 1.3 மி.மீ போடுங்கள். ஸ்டில்லில் 63 பிஎம், ஓரிகனில் 91 பிஎக்ஸ். இரண்டும் ஒரே அளவுதான். 14 இஞ்ச் பாருக்கு 50 லிங்க், 16 இஞ்சுக்கு 55. 68 லிங்க் செயினில் 34 அறுக்கும் பல் இருக்கிறது, 50 லிங்கில் 25தான். எடையும் குறைகிறது, அரம் போடும் நேரமும் குறைகிறது. இந்தச் செயின் மரத்தில் போடும் வெட்டும் ஒடுக்கம், அதனால் இன்ஜினுக்குச் சுமை குறையும்.

பார் வாங்கும்போது மூன்று தகடு வைத்து ஒட்டிய வகையைக் கேளுங்கள். ஸ்டில்லில் ரோலோமேட்டிக் இ. நடுத்தகட்டில் பெரிய பெரிய துவாரம் வெட்டி எடுத்திருப்பார்கள், அதனால் லேசு. வெளியிலிருந்தே அடையாளம் தெரியும்: பாரின் இரு பக்கமும் வெல்டிங் பொட்டு வட்ட வட்டமாக இருக்கும். முழுத்தகட்டுப் பார் இன்னும் உறுதி, ஆனால் கனம். அது பெரிய மெஷினுக்கும் தடிமரத்துக்கும் உரியது. உள்ளே பாலிமைடு என்ற பிளாஸ்டிக் நிரப்பிய விலை கூடிய லைட் பார்களும் உண்டு. என் கணக்கில் 20 இஞ்சுக்கு மேல் போனால்தான் அவற்றுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பலன், 14 இஞ்சுக்குத் தேவையில்லை.

1.1 மி.மீ வேண்டாம். சிறிய பெட்ரோல் மெஷின்களுக்கும் பேட்டரி மெஷின்களுக்கும் வந்த அளவு அது. உங்கள் மெஷினின் இழுவைக்கும் காய்ந்த கருவேலத்துக்கும் அந்த மெல்லிய லிங்க் சீக்கிரம் நீண்டுவிடும். ஒரு தடவை கிளை இடுக்கிப் பிடித்தால் பார் வளைந்துவிடும், நிமிர்த்தினாலும் நேராக அறுக்காது.

1.6 பாரில் 1.3 செயின் போடவே கூடாது. காடி அகலமாக இருப்பதால் செயின் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், வெட்டு வாழைக்காய் மாதிரி வளையும், காடியின் உதடும் ஒரு பக்கமாகத் தேயும். 1.6 செயினோ 1.3 காடிக்குள் நுழையவே நுழையாது.

பிட்ச் .325லிருந்து 3/8 பிக்கு மாறுவதால் மெஷினில் இருந்து செயினை இழுக்கும் பல்சக்கரத்தையும், அதாவது ஸ்ப்ராக்கெட்டையும், மாற்றியாக வேண்டும். பாரின் மூக்கில் இருக்கும் சக்கரமும் பிட்ச்சுக்குத் தக்கதாக இருக்கணும், அது புதுப் பாரோடு வந்துவிடும். இப்போதுள்ளது 7 பல் .325. அதற்குப் பதில் 6 பல் 3/8 பி. ஒரு சுற்றுக்கு முன்பு 115.5 மி.மீ செயின் ஓடியது, இனி சுமார் 112 ஓடும். 3 சதவீத வித்தியாசம் கைக்குத் தெரியாது. 7 பல் 3/8 பி போட்டால் வேகம் கூடும், ஆனால் காய்ந்த கட்டையில் இழுவை செத்துப்போகும்.

தூர்வெட்டி:

அண்ணன் சொன்னது சரிதான், ஆனா ஸ்ப்ராக்கெட்டைத் தொடாம இன்னொரு வழி இருக்கு. பிட்ச் அதே .325, கேஜ் மட்டும் 1.3, நீளம் 16 இஞ்ச், 62 லிங்க். ஒடுக்கமா அறுக்கிற செயின், ஓரிகன்ல 95 வரிசை. கேஜ் மாறினா ஸ்ப்ராக்கெட் மாத்த வேண்டாம், பிட்ச் மாறினாத்தான். .325ல பல் நெருக்கமா வர்றதால கருவேலம் மாதிரி இறுகின மரத்துல அதிர்வு குறைவு. ஆனா இந்த மெஷினுக்குப் பொருந்துற அடியோட (மெஷின்ல மாட்டுற முனை) .325, 1.3 பார் எல்லாக் கடையிலயும் இருக்காது. செயினைக் கேக்கிறதுக்கு முன்னாடி பாரைக் கையில வாங்குங்க.

பார் அடியில கவனம். எம்எஸ் 170, 180, 250 மூணுக்கும் ஒரே அடி, போல்ட் போற காடி சுமார் 8 மி.மீ. எம்எஸ் 260, 261ல இருந்து மேல 12 மி.மீ. பெரிய அடிப் பாரை வாஷர் வச்சு மாட்டிக் கொடுக்கிறவங்க இருக்காங்க. அப்ப பாரோட ஆயில் துவாரம் மெஷினோட ஆயில் வாய்க்கு நேரா வராது. வெளிய பார்த்தா எல்லாம் நல்லா இருக்கும், காடி வறண்டு நீலமா வெந்து போயிருக்கும்.

செயின் வகையில் ஒன்னு. கருவேலத்துக்கு முனை உருண்ட செமி சிசல்தான். கூர்முனை ஃபுல் சிசல், ஸ்டில்ல 63 பிஎஸ், பச்சை மரத்துல பறக்கும். ஆனா நம்ம காட்டுத் தூர்ல கரையான் பூசின மண்ணு பட்டைமேல தகடு மாதிரி ஒட்டியிருக்கும். அந்தக் கூர்மூலை அதுல ஒரே வெட்டுல மழுங்கிடும், மூலை போனா பல்லே போன மாதிரி. அறுக்கிற இடத்துல ஒரு சாண் உயரத்துக்கு அரிவாள் முதுகால சுரண்டி விட்டுட்டு, தூரைச் சுத்தி மண்ணை மண்வெட்டியால இழுத்துட்டு அறுங்க. கார்பைடு பல் வச்ச செயினும் இருக்கு, மண்ணுக்குத் தாங்கும். ஆனா சாதா அரம் அதுல ஏறாது, வைரக் கல்லு வேணும்.

பனங்காடு58:

என்னிடம் இருப்பது 58 சிசி சைனா மெஷின், 20 இஞ்ச் பார், செயின் பொட்டலத்தில் .325, 1.5, 76 லிங்க் என்று இருக்கிறது. இதற்கும் 14 இஞ்ச் போடலாமா?

அரமும்பல்லும்:

16 இஞ்ச் போடுங்கள், பிட்ச் .325, கேஜ் 1.5, 66 லிங்க். ஸ்ப்ராக்கெட் அப்படியே இருக்கட்டும். உங்கள் மெஷினின் உடம்பு எடை கூடுதல். 14க்கு இறங்கினால் பின்பக்கம் சாய்ந்து, மூக்கைக் கையால் அழுத்திக் குனிய வேண்டிவரும். அதுவும் மணிக்கட்டுக்கு வலிதான். பெட்ரோல், ஆயில் இரண்டையும் நிரப்பி, இன்ஜினை அணைத்து, முன்கைப்பிடியை ஒரு கையில் தூக்கிப் பாருங்கள். பார் தரைக்கு இணையாகவோ மூக்கு இம்மியளவு தாழ்ந்தோ நின்றால் நீளம் சரி.

பொட்டலத்தை நம்பாமல் நீங்களே ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் மையத்துக்கு மையம் இரும்பு ஸ்கேல் வைத்து அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச். .325 என்றால் மூன்று ரிவெட் தூரம் 16.5 மி.மீ, 3/8 பி என்றால் 18.6. வித்தியாசம் 2 மி.மீதான், அதனால் கண்மதிப்பு வேண்டாம். ஸ்டில் செயின் என்றால் உள்ளே இறங்கும் லிங்கில் ஒற்றை எண் அடித்திருக்கும்: 1 என்றால் 1.1, 3 என்றால் 1.3, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6.

கரிசல்காடு:

நன்றி அண்ணா, தூர்வெட்டிக்கும் நன்றி. 14 இஞ்ச் 3/8 பி 1.3 என்று முடிவு செய்துவிட்டேன். 6 பல் ஸ்ப்ராக்கெட்டை நானே மாட்டலாமா? பழைய 4.8 அரம் இதற்கு ஆகுமா?

அரமும்பல்லும்:

தாராளமாக மாட்டலாம், கால் மணி நேர வேலை. பிளக் வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மூடியைத் திறக்கும் முன் முன்கைக் காப்பை உங்கள் பக்கம் இழுத்துப் பிரேக்கை விடுவிக்க வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் அதன் பட்டை கிளட்ச் டிரம்மைச் சுற்றி இறுகியிருக்கும், ஸ்ப்ராக்கெட் வெளியே வராது. பார், செயினை எடுத்ததும் நடுத்தண்டில் இ வடிவக் கிளிப் தெரியும். கந்தல் துணியால் மறைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்புங்கள், இல்லாவிட்டால் கிளிப் பறந்துவிடும். பிறகு வாஷர், டிரம்மோடு சேர்ந்த ஸ்ப்ராக்கெட், உள்ளே ஊசி பேரிங். பேரிங்கைத் துடைத்து, கிரீஸ் தடவி, புது டிரம்மை ஏற்றுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். ஆயில் பம்ப்பைச் சுழற்றும் கம்பி அந்த வெட்டில் உட்கார வேண்டும். டிரம்மை மெல்ல முன்னும் பின்னும் திருப்பினால் சட்டென உள்ளே இறங்கும். இறங்காமல் கிளிப் போட்டுவிட்டால் மெஷின் ஓடும், செயினும் ஓடும், ஆயில் ஒரு சொட்டு வராது. கம்பியும் நெளியும்.

4.8 அரம் ஆகாது. 3/8 பிக்கு 4 மி.மீ. பெரிய அரத்தைப் போட்டால் பல்லின் கொக்கி வளைவு போய் முகம் பின்னால் சாய்ந்துவிடும், செயின் மரத்தைக் கடிக்காமல் வழுக்கும். 30 டிகிரி சாய்வு. அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். பல்லுக்கு முன்னால் இருக்கும் குமிழ் பல்லைவிட 0.65 மி.மீ தாழ்வாக இருக்கணும், அதைத் தட்டை அரமும் கேஜ் தகடும் வைத்துத்தான் குறைக்க வேண்டும். ஒரேயடியாகக் குறைத்தால் செயின் அளவுக்கு மீறிக் கடித்து மெஷினை உதறவைக்கும்.

இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இருப்பது மெல்லிய பாருக்கு இன்னும் முக்கியம். மரம் துளைக்கும் புழுவின் தாடை இடமும் வலமுமாக அறுப்பதைப் பார்த்துத்தான் அமெரிக்க மரவெட்டி ஜோ காக்ஸ் 1947ல் இந்தச் செயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார், அதுதான் பிறகு ஓரிகன் ஆனது. அந்த இரண்டு பக்கச் சமநிலை கெட்டால் செயின் நீண்ட பல் பக்கம் இழுக்கும். தடித்த பார் ஓரளவு தாங்கி நேராக நிற்கும், லேசான பார் கூடவே வளைந்து போய்விடும்.

தூர்வெட்டி:

ஸ்ப்ராக்கெட் வாங்கும்போதே செயின் இரண்டா வாங்கிடுங்க. மாத்தி மாத்திப் போட்டா ரெண்டும் ஒரே மாதிரி தேயும். ரெண்டும் தீர்ந்ததும் ஸ்ப்ராக்கெட்டையும் மாத்தணும். பல்லுல 0.5 மி.மீ ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தா அதுக்கு முன்னாடியே மாத்துங்க. தேஞ்ச ஸ்ப்ராக்கெட்ல புதுச் செயின் போட்டா ஒரு வாரத்துல அதையும் நீட்டிவிடும்.

பழைய இன்ஜின் ஆயிலை இந்தப் பாருக்கு ஊத்தாதீங்க. அதுல இரும்புத்தூள் இருக்கும், செயின்ல ஒட்டாமத் தெறிச்சிடும். 1.3 காடி 1.6 மாதிரி அகலம் இல்ல, மரத்தூளும் கரியும் சேர்ந்து சீக்கிரம் அடைச்சுக்கும். சாயங்காலம் பாரைக் கழட்டி, உடைஞ்ச ஆக்சா பிளேடால காடியை அடியில இருந்து மூக்கு வரை இழுத்து விடுங்க, ஆயில் துவாரத்தைக் கம்பியால குத்தி விடுங்க. காடி 5 மி.மீ ஆழத்துக்குக் குறைஞ்சா பார் முடிஞ்சுது. ஒவ்வொரு தடவை அரம் போடும்போதும் பாரைத் திருப்பி மாட்டுங்க, அப்பத்தான் ரெண்டு பக்கமும் சமமாத் தேயும். ஒட்டுத்தகட்டுப் பார்ல மூக்குச் சக்கரம் பெரும்பாலும் தனியா மாத்த முடியாது, மூக்கு போனா முழுப் பாரும் போச்சு.

வளைஞ்சு கிடக்கிற கருவேலக் கிளையை நேரா அறுத்தா பாரை இடுக்கும். எந்தப் பக்கம் அமுங்கியிருக்கோ அந்தப் பக்கம் மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு, அப்புறம் இழுபட்டு நிக்கிற பக்கம் வந்து முடிங்க. மாட்டிக்கிச்சுன்னா இன்ஜினை அணைச்சுட்டு கிளையைத் தூக்கி எடுங்க. மெஷினைப் பிடிச்சு ஆட்டி நெம்பினா லேசான பாரோட உதடு விரிஞ்சிடும். நெருக்கமான தூருக்குள்ள மூக்கோட மேல் பாதி பக்கத்துக் கிளையில பட்டுச்சுன்னா மெஷின் முகத்தை நோக்கி எகிறும். நீளம் குறைஞ்சதால மூக்கு எங்க இருக்குன்னு உங்களுக்கு இப்பக் கண்ணுல தெரியும், அதைப் பார்த்துக்கிட்டே அறுங்க.

அரமும்பல்லும்:

புதுச் செயினை மாட்டும்போது பாரின் மூக்கைத் தூக்கிப் பிடித்தபடியே இழுவையைச் சரிசெய்து நட்டை இறுக்குங்கள். அடிப்பக்கத்தில் செயின் தொங்காமல் பாரைத் தொட்டிருக்கணும், கையால் இழுத்தால் சுலபமாக ஓடணும். முதல் அரை மணி நேரத்தில் அது நீளும், இரண்டு முறையாவது நிறுத்திப் பாருங்கள். சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும், ஆறும்போது சுருங்கித் தண்டையும் பேரிங்கையும் இழுக்கும்.

முதல் வெட்டுக்கு முன் மூக்கை ஒரு வெளிறிய கல்லுக்கோ பழைய செய்தித்தாளுக்கோ மேலே ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மண் தொடாமல் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். சில நொடியில் ஆயில் கோடாக விழ வேண்டும். விழவில்லை என்றால் அறுக்க வேண்டாம், டிரம்மைத் திரும்பக் கழற்றி அந்தக் கம்பி வெட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.