எகிப்தின் ஓவிய மரப்பெட்டிகள்: ‘ஈமப்பெட்டி’ என்னும் சொல்லுக்கு ஆதரவாக

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

பண்டை எகிப்தியர் இறந்தோரை வைத்த ஓவிய மரப்பெட்டிகளுக்கு ‘ஈமப்பேழை’, ‘வண்ணச் சவப்பெட்டி’ என்னும் இரு சொற்கள் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் விடுத்து ‘ஈமப்பெட்டி’ என்பதைக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

‘ஈமப்பேழை’ நல்ல சொல்தான். ஆனால் பல்லாவரத்தில் கிடைத்ததைப் போன்ற, கால்கள் வைத்த சுடுமண் பேழைகளை நம் தொல்லியலார் ஏற்கெனவே அப்பெயரால் குறித்துவருகிறார்கள். அன்றியும், எகிப்தைப் பற்றி எழுதும்போது கல்லில் குடைந்த புறக்கலத்துக்கும் அதனுள் அடங்கும் பெட்டிக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். துட்டன்காமனின் கல்லறையில், குவார்ட்சைட் கல்லால் ஆன கலத்துக்குள் மூன்று பெட்டிகள் ஒன்றனுள் ஒன்றாக இருந்தன. அவற்றுள் வெளிப்புறத்தவை இரண்டும் பொன்தகடு போர்த்திய மரம், உள்ளே இருந்தது 110 கிலோ எடையுள்ள பொன். கல்லால் ஆனதைக் ‘கல் ஈமப்பேழை’ என்றும், உள்ளிருப்பவற்றை ‘ஈமப்பெட்டி’ என்றும் வகுத்துக்கொண்டால் இவ்வடுக்கைக் குழப்பமின்றி எழுதலாம்.

சங்க இலக்கியத்தில் ஈமம் என்பது பிணம் சுடும் விறகடுக்கு ஆயிற்றே என்ற மறுப்பு எழலாம். ‘ஈமத்தாழி’, ‘ஈமச்சின்னம்’ ஆகியவை புதைப்புக்கும் வழங்கத் தொடங்கிய பின் அம்மறுப்புக்கு வலுவில்லை.

‘சவப்பெட்டி’ எல்லோரும் அறிந்த சொல் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் எகிப்தியர் தம் பெட்டியை ‘நெப் அங்க்’, அதாவது ‘உயிரின் தலைவன்’ என்று அழைத்தார்கள். இறந்தவர் மீண்டும் எழுந்து வாழ்வதற்காகவே அதைச் செய்தார்கள். சவம் என்ற சொல் அந்நோக்கத்துக்கு நேர் எதிரானது.

‘வண்ணம்’ என்ற அடையும் எனக்கு நிறைவளிக்கவில்லை. மேலே பூசிய சாயம் என்ற எண்ணத்தையே அது தரும். டெய்ர் எல்-பெர்ஷாவில் 1915இல் அகழ்ந்தெடுக்கப்பட்டு இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஜெஹுதிநக்த் என்னும் ஆளுநரின் பெட்டியை நோக்குக. கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த அந்தத் தேவதாருப் பெட்டியின் சிறந்த ஓவியங்கள் அதன் உட்புறத்தில், உடலை நோக்கியே தீட்டப்பட்டுள்ளன: ஆவி வந்து போவதற்கான பொய்க்கதவு, அதன் அருகே குவிந்த படையல்கள். அக்காலப் பெட்டிகளின் இடப்பக்கத்தில் இரு கண்கள் வரையப்பட்டிருக்கும். உடலை இடப்பக்கமாகச் சாய்த்து, முகம் சரியாக அக்கண்களுக்குப் பின்னே அமையும்படி வைப்பார்கள், கிழக்கே எழும் கதிரவனை அவர் காண வேண்டும் என்பதற்காக. ஆகவே ஓவியம் இங்கே தொழிற்படும் உறுப்பு. சொல்லுக்குள் அதைத் திணிக்காமல், தேவைப்படும் இடத்தில் ‘ஓவியமிட்ட மர ஈமப்பெட்டி’ என்று எழுதலாம்.

மனித வடிவில் செதுக்கியதை ‘ஆளுருவ ஈமப்பெட்டி’ எனலாம். துணியையும் சுண்ணச் சாந்தையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உறை மரமன்று என்பதால், அதற்குத் ‘துணிச்சாந்து உறை’ பொருந்தும்.

பதினேழாம் அரசமரபின் காலத்தில் தீப்ஸ் நகரில் செய்யப்பட்ட ஒரு வகை மட்டும் தனிக் கவனம் கோருகிறது. உடல் முழுவதையும் பெருஞ்சிறகுகள் தழுவியிருப்பதுபோல் தீட்டப்பட்ட அப்பெட்டிகளை, இறகு என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லால் ஆய்வாளர்கள் ‘ரிஷி’ என்கிறார்கள். அப்படியே ஒலிபெயர்த்தால் தமிழ் வாசகர் முனிவர்களின் பெட்டி என்றே கொள்வார். எனவே இவ்வகைக்கு ‘இறகணி ஈமப்பெட்டி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.