பார்சிலோனாவின் 30 விழுக்காடு நிலம்: கொடையா, பண்டமாற்றா?

நகர்வலம்: நலிந்த தொழிற்பகுதிகளை மீட்க அரசு கருவூலத்தைத் திறக்க வேண்டியதில்லை என்பதற்குப் பார்சிலோனாவின் போப்லெநோ என்னும் பகுதி ஒன்றே போதும். ஆலைகள் மூடப்பட்டு ஒடுங்கிக் கிடந்த ஏறத்தாழ 200 ஹெக்டேர் பகுதியை, 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற 22@ என்னும் மாநகராட்சித் திட்டம், நிறுவனங்களும் ஆய்வு அமைப்புகளும் அருகருகே இயங்கும் புத்தாக்க வட்டாரமாக மாற்றியது. நில உரிமையாளர்கள் 30 விழுக்காடு நிலத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். மாநகராட்சி, பல்கலைக்கழகங்கள், நிறுவனங்கள் ஆகிய மூன்றும் கைகோத்தன.

கற்சுவர்: இலவசமாக என்று எழுதுவதற்கு முன் திட்டத்தைப் படித்திருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் பெருநகரத் திட்டம் தொழிற்சாலைக்கு மட்டுமே என்று ஒதுக்கியிருந்த மனைகளில் அலுவலகம் கட்ட உரிமை கிடைத்தது. மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடும் 2இலிருந்து 3 வரை உயர்ந்தது. அந்த உரிமைக்கு விலையாகத்தான் பூங்கா, அரசு ஆதரவு வீடுகள், ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றுக்குப் பத்துப் பத்து விழுக்காடாக அந்த 30 விழுக்காடு பெறப்பட்டது. இது பண்டமாற்று.

நகர்வலம்: பணம் கைமாறவில்லை என்றால் அது இலவசம்தான். சென்ற மாதம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துப் புத்தாக்க வட்டாரமான கார்டெக்ஸ் பற்றிப் பேசியபோதும், 2002இல் அதை நிறுவியவர்களுள் ஒன்றான தாவரவியல் பூங்காவைத் தனியார் துறை எனலாமா என்று இரண்டு நாள் எங்களை இழுத்தடித்தவர் நீங்கள்.

தறிவீடு: விழுக்காட்டுக் கணக்கில் மனிதர்கள் காணாமல் போகிறார்கள். போப்லெநோவின் கான் ரிகார்ட் என்னும் பழைய ஆலை வளாகத்தில் இயங்கிவந்த பட்டறைகள் இந்தத் திட்டத்தின் பெயரால்தான் வெளியேற்றப்பட்டன. உழைப்பவர்கள் இருந்த இடத்தை ஒடுங்கிக் கிடந்தது என்று எழுதக் கை கூசவில்லையா?

அலைமேடை: அதே திட்டம்தான் அங்கே விதிமீறலாகக் கருதப்பட்ட 4,000க்கும் மேற்பட்ட பழைய வீடுகளுக்குச் சட்ட ஏற்பு அளித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தவிர, பாஸ்டன் துறைமுகப் பகுதியை மேயர் தாமஸ் மெனினோ 2010இல் புத்தாக்க வட்டாரமாக அறிவித்தபோது 30 விழுக்காட்டுப் பேச்சே இல்லை, நிறுவனங்கள் வந்தன.

கற்சுவர்: பாஸ்டனை இழுப்பவர் அதன் முன்கதையையும் சொல்ல வேண்டும். 1995இல் திறந்த டெட் வில்லியம்ஸ் சுரங்கப்பாதை, 1999இல் முடிந்த கூட்டாட்சி நீதிமன்றம், 2004இல் வந்த மாநாட்டு அரங்கம், அதே ஆண்டின் சில்வர் லைன் பேருந்துத் தடம், இவற்றுக்கெல்லாம் முன்பே தொடங்கிய துறைமுக நீர்த் தூய்மைப் பணி என அனைத்தும் பொதுப்பணத்தில் நடந்தவை. பொதுமக்கள் முதல் போட்ட இடத்தில் விலையேற்றத்தின் பங்கை யாரும் கேட்டுப் பெறாததால்தான் அங்கே வாடகை எட்டாத உயரத்தில் நிற்கிறது. பார்சிலோனா கேட்டது, பெற்றது. கொடை என்று பெயர் வைத்துவிட்டால், அடுத்த நகரத்து அதிகாரி எதையும் கேட்காமல் கட்டட உரிமையை வாரிக் கொடுத்துவிட்டு உரிமையாளர்களின் பெருந்தன்மைக்காகக் காத்திருப்பார். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன்: அந்த 30 விழுக்காடு இலவசம் இல்லை.

அலைமேடை: வாடகைக்குக் காரணம் பொதுப்பணம் என்கிறீர்களா, கேட்காமல் விட்டது என்கிறீர்களா? வந்து சேர்ந்த நிறுவனங்களின் தேவையை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தறிவீடு: கான் ரிகார்ட் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நகர்வலம்: கற்சுவரின் விளக்கம் நீண்டிருக்கிறதே தவிர, மாநகராட்சி அந்த நிலத்தை விலைகொடுத்து வாங்கவில்லை என்பது மாறவில்லை. என் பதிவில் ஒரு சொல்லையும் திருத்தப்போவதில்லை.

கற்சுவர்: குறியீடு 2இலிருந்து 3. அந்தக் கூடுதல் தளத்தின் சந்தை மதிப்பு என்னவென்று முதலில் சொல்லுங்கள். இலவசமா என்று பிறகு பேசலாம்.