'தி வே ஹி லுக்ஸ்' பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தத் தோழியைப் பற்றி ஒரு கேள்வி

மாவடு (கிருஷ்ணகிரி):

திருத்தம்: கீழே ஷிஃப்ட்_பி சொன்ன பிறகு ஊர்ப் பெயர், தேதி, இன்னும் சில விவரங்களை எடுத்துவிட்டேன். சில இடங்களில் மொட்டையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேசில் படம், போர்ச்சுகீசிய மொழி, 2014இல் வந்தது. போன வாரம் பாப்பா தூங்கினதும் ராத்திரி போனில் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லியோனார்டோ பார்வையில்லாத பையன், பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். ஜியோவானா அவனுடைய சின்ன வயதுத் தோழி, தினமும் அவன் கையைக் கோத்துக்கொண்டு அவன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். வகுப்பில் புதிதாகக் கேப்ரியல் என்று ஒருவன் வந்து சேர்கிறான். கொஞ்ச நாளில் லியோவைக் கொண்டுவிடும் வேலை அவன் கைக்குப் போய்விடுகிறது, லியோவுக்கு அவன்மேல் காதல் வருகிறது. அவ்வளவுதான் படம். வெட்டுக்குத்து கிடையாது, யாரும் சாவதில்லை.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டு பையன்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணை விட்டுக் கண் நகரவில்லை. ஏனென்றால் நான் அவளாக இருந்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரே தெரு, ஒரே டவுன் பஸ், ஒரே கணக்கு டியூஷன். ஒரு பையனும் பொண்ணும் சேர்ந்து நடந்தால் மூன்றாம் நாள் கதை கட்டிவிடும் ஊர்தான், ஆனால் எங்களைச் சின்னதிலிருந்து பார்த்து ஊருக்கே அலுத்துப்போயிருந்தது. அவன் அப்பா மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருந்தார். கோடை லீவில் பெங்களூரா காயை ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலாலேயே கீறி, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்போம், அப்புறம் வாரம் முழுக்க ஸ்கேல் பிசுபிசுவென்று இருக்கும்.

2013 டிசம்பரில், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன மறுநாள், டியூஷன் சார் வீட்டுத் திண்ணையில் கிடந்த பேப்பரைக் காட்டி "இதைப் படிச்சியா?" என்றான். நான் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "ச்சீ, இதையெல்லாம் எதுக்குப் போடறாங்க" என்றேன். ஒன்றும் பேசாமல் பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டான். அதற்கப்புறமும் என்னிடம்தான் சொன்னான் என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. பொங்கல் முடிந்து, தோப்பு முழுக்கப் பூ, பூவுக்கு மருந்தடித்த நாற்றம். "எனக்குப் பொண்ணுங்க மேல வரலைடீ. வராதுன்னுதான் நினைக்கிறேன்" என்றான்.

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை, எழுந்து வந்துவிட்டேன். அவன்மேல் எனக்கு ஒன்று இருந்தது, அது அவனுக்குத் தெரியாது. அழுதுகொண்டே டியூஷனில் ஒரு தோழியிடம் சொன்னேன். ஒருத்தியிடம்தான். திங்கட்கிழமை சொன்னது, வியாழக்கிழமை கரும்பலகையில் இருந்தது, அவன் பெயரும் பக்கத்தில் ஒரு வார்த்தையும். சார் டஸ்டரை எடுத்து அழித்துவிட்டு நேராகக் கணக்குக்குப் போய்விட்டார். அவன் மறுநாளிலிருந்து டியூஷனுக்கு வரவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதினான், ஊரைவிட்டுப் போனான். நாங்கள் அந்தப் பரீட்சை எழுதிய அதே வருடம்தான் இந்தப் படமும் வந்திருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.

படத்தில் ஜியோவானா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாக விட்டுவிடலாமா அவளை? இன்னொரு விஷயமும் கேட்கவேண்டும். அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது. அவன் அம்மா நேரில் வந்து "கண்டிப்பா வந்துடு கண்ணு" என்று பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். அவனும் வருவான். போய்ப் பேசலாமா?

டூரிங்_டாக்கீஸ் (தருமபுரி):

சகோதரி, படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது எனக்குத் தெரியாத இடம்.

இதன் போர்ச்சுகீசியத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இன்று நான் தனியாகத் திரும்ப விரும்புகிறேன்' என்று வரும். இயக்குநர் டேனியல் ரிபெய்ரோ. இவரே 2010இல் இதைக் குறும்படமாக எடுத்தார், அதே மூன்று பேரும்தான் அதிலும் நடித்தார்கள். குறும்படத்தின் தலைப்பு 'எனக்குத் தனியாகத் திரும்பப் பிடிக்கவில்லை'. நாலு வருடத்தில் அந்தப் பையன் பிடிக்கவில்லையிலிருந்து விரும்புகிறேனுக்கு வந்துவிட்டான் பாருங்கள், படமே அந்த இரண்டு தலைப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால்தான் ஜியோவானாவுக்கு வலிக்கிறது. அவன் யாரைக் காதலிக்கிறான் என்பதில்லை அவள் பிரச்சினை, வீட்டுக்குக் கொண்டுபோய்விட இனி அவள் தேவையில்லை என்பதுதான். பெர்லின் திரைப்பட விழாவில் 2014இல், தன்பாலின ஈர்ப்பைப் பேசும் படங்களுக்குத் தரும் டெடி விருதும், விமர்சகர்கள் தரும் ஃபிப்ரெஸ்கி விருதும் வாங்கியது. பிரேசில் ஆஸ்காருக்கும் அனுப்பியது, அங்கே இறுதிப் பட்டியலுக்குப் போகவில்லை.

அந்தப் பார்ட்டி காட்சியை மறுபடி பாருங்கள். பாட்டிலைச் சுற்றி விளையாடுகிறார்கள். லியோவுக்குக் கண் தெரியாது என்பதால் ஒரு நாயைக் கொண்டுவந்து முத்தம் கொடுக்க வைக்கப் பார்க்கிறார்கள். ஜியோவானாதான் அவனை இழுத்துக்கொண்டு போகிறாள். ஆனால் அவன் எரிந்து விழுவது அவளிடம்தான், யாரோ முத்தம் தர வந்ததை இவள் கெடுத்துவிட்டாள் என்று. அதைத் தாங்கிக்கொள்கிற பெண் அவள். கறாராகச் சொன்னால் நீங்கள் ஜியோவானா இல்லை. அவன் மனதில் இருந்ததை அவள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

ஒரு யோசனை. இந்தப் படத்தின் லிங்க்கை அந்த நண்பருக்கு அனுப்புங்களேன், பேச்சு தானாகத் தொடங்கும்.

ஷிஃப்ட்_பி (ஓசூர்):

முதலில் ஒரு வேலை. மேலே போய் ஊர்ப் பெயர், என்ன விசேஷம், எந்தத் தேதி, அவன் இப்போது எங்கே என்ன வேலையில் இருக்கிறான், எல்லாவற்றையும் எடுங்கள். எடுத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

அந்த ஊர் கைக்குட்டை அளவு. இரண்டு பேரைக் கேட்டால் எனக்கே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வீட்டில் சொல்லியிருக்கிறானா, ஆபீஸில் தெரியுமா, உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் அவனைக் கொண்டுவந்து இங்கே நிறுத்திவிட்டீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்போதும் நல்ல மனதோடுதான் அழுதிருப்பீர்கள்.

எடுத்தாயிற்றா, சரி.

நானும் அப்படிப்பட்ட ஒரு பையன்தான், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். படத்தில் கேப்ரியல் மறந்து விட்டுப்போன ஸ்வெட்ஷர்ட்டை லியோ ராத்திரி எடுத்து முகர்ந்து பார்ப்பான் இல்லையா, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். எனக்கு அது ஒரு என்.சி.சி. சட்டை. பரேடு முடிந்து வெக்கை தாங்காமல் கழற்றி என் பையில் திணித்துவிட்டு பனியனோடு போய்விட்டான். கஞ்சி வாசனையும் வியர்வையும். ஆறு நாள் வைத்திருந்தேன். ஏழாம் நாள் அம்மா எடுத்து சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டார், "எவன் சட்டைடா இது, இப்படி நாறுது" என்று. எனக்கு யார் மேலும் கோபப்பட வழியில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, அவனிடம் கொடுத்தேன்.

டாக்கீஸ் அண்ணா, உங்கள் யோசனை மட்டும் வேண்டாம். "ஒரு படம் பார்த்தேன், உன் ஞாபகம் வந்தது" என்ற மெசேஜை நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது வாங்கியிருக்கிறோம். லிங்க்கைத் திறக்காமலே தெரியும் என்ன படம் என்று.

அக்கா, மண்டபத்தில் பேசாதீர்கள். அன்றைக்கு அவன் நூறு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான், உனக்கெப்போ, வயசாகுதில்ல, எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கு. அதற்கு நடுவில் நீங்கள் போய்க் கண் கலங்கி நின்றால் அவன்தான் உங்களைச் சமாதானப்படுத்தவேண்டி வரும், சுற்றி இருக்கிறவர்கள் வேறு கதை எழுதுவார்கள். போங்கள், சாப்பிடுங்கள், மொய் எழுதுங்கள். அவனாக வந்தால் பேசுங்கள். மன்னிப்புக் கேட்பதென்றால் எழுதிக் கேளுங்கள். என்ன செய்தீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். "அப்போ சின்ன வயசு" என்று மட்டும் எழுதாதீர்கள். அவனுக்கும் அப்போது சின்ன வயசுதான்.

பாரூர்_ஏரி:

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பசங்களுக்கு இதெல்லாம் வருகிறது. நம்ம ஊரில் இதெல்லாம் எங்கே இருந்தது?

ஷிஃப்ட்_பி (ஓசூர்):

சட்டையை ஒளித்துவைத்தபோது நான் பார்த்திருந்த வெளிநாட்டுப் படமெல்லாம் டைனோசர் படம்தான் அண்ணா.

சாக்பீஸ் (ஊத்தங்கரை பக்கம்):

அந்தக் கரும்பலகையைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நான் அந்த சார் இல்லை. ஆனால் நானும் ஒருமுறை அப்படி டஸ்டரை எடுத்திருக்கிறேன். அழித்துவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எழுதியவர்களைக் கேட்கவில்லை, அந்தப் பையனையும் கூப்பிட்டுப் பேசவில்லை. பேசினால் என்ன பேசுவது என்று தெரியாது, அதுதான் உண்மை. வார்த்தையும் கிடையாது. தன்பாலின ஈர்ப்பு என்று ஒரு சொல் இருப்பதே எனக்குப் பேப்பரில் படித்துத்தான் தெரியும். ஸ்டாஃப் ரூமில் புழங்கியதெல்லாம் "ஒரு மாதிரி" என்பதும் ஒரு சினிமா காமெடி வசனமும், எந்த வசனம் என்று உங்களுக்கே தெரியும்.

377ஐ உச்ச நீதிமன்றமே 2018 செப்டம்பர் 6இல் திருத்திச் சொல்லிவிட்டது, வயதுவந்த இருவர் சம்மதித்து இருப்பது குற்றமில்லை என்று. ஆனால் எனக்கு மனதில் நின்றது 2021இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததுதான். மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து சென்னை வந்த இரண்டு பெண்களின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் உத்தரவு எழுதினார். குணப்படுத்துகிறேன் என்று யாரும் வைத்தியம் பார்க்கக்கூடாது என்றதோடு, பள்ளி கல்லூரிகளிலும் இதைப் பற்றிச் சொல்லித்தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த எந்தப் பள்ளிக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. சரி, அது பெரிய கதை.

படம் இன்னும் பார்க்கவில்லை, பார்க்கிறேன். மாவடு, அந்தத் தோழியிடம் எப்போதாவது கேட்டீர்களா, அவள் யாரிடம் சொன்னாள் என்று? கேட்கவேண்டும் என்பதில்லை, எனக்குத் தோன்றியது.

மாவடு (கிருஷ்ணகிரி):

எல்லோருக்கும் நன்றி, டாக்கீஸுக்கும்தான். நான் ஜியோவானா இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்து இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

எடுத்துவிட்டேன் ஷிஃப்ட். எடுக்கும்போதுதான் எண்ணினேன், அவனைப் பற்றி ஆறு விவரம் போட்டிருக்கிறேன், என்னைப் பற்றி ஒன்றுகூட இல்லை. என் பெயரைக்கூட மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

சாக்பீஸ், கேட்கவில்லை. அவளுக்கும் கல்யாணமாகி பாலக்கோட்டில் இருக்கிறாள், சந்தையில் பார்த்தால் தக்காளி விலை பேசுவோம். கேட்டு, அவள் இன்னொருத்தி பெயரைச் சொன்னால், நான் கொஞ்சம் நிம்மதியாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

பேட்ச் குரூப்பில் அவன் நம்பர் இருந்தது. நேற்று எழுதினேன். முதலில் எழுதியது ஒரு பக்கம் வந்தது, அதில் பாதிக்குமேல் என் அழுகைதான், அழித்துவிட்டேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "2014இல் நீ என்கிட்ட சொன்னதை டியூஷன்ல வெளியே சொன்னது நான்தான். சொல்லியிருக்கக் கூடாது. பதில் போட வேண்டியதில்லை." அனுப்புகிற வரைக்கும் அது நான்தான் என்று அவனுக்குத் தெரியும் என்றே இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அனுப்பின பிறகுதான், ஒருவேளை தெரியாமலே இருந்திருந்தால் என்று வயிற்றைக் கலக்கியது.

இரண்டு டிக் விழுந்திருக்கிறது, நீலமாகவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து பத்து தடவையாவது பார்த்திருப்பேன்.

ஷிஃப்ட்_பி (ஓசூர்):

நீல டிக் வராமல் நிறுத்திவைக்க ஒரு செட்டிங் இருக்கிறது அக்கா. எங்களில் பாதிப் பேர் போனில் அது போட்டே இருக்கும்.