மேக்பெத்தில் பணிப்பெண்ணாக நின்றபோது

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைப் பற்றிக் கேட்டால் பலரும் பேராசை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பதவி ஆசை பிடித்த தளபதி, தூபம் போட்ட மனைவி, மூன்று சூனியக்காரிகள், கிழ அரசர் டங்கனின் கொலை, அழிவு. பரீட்சைக்கு இது போதும். எனக்கு அந்த நாடகம் முதலில் ஒரு தம்பதியின் கதை. சேர்ந்து ஒரு பாவத்தைச் செய்கிறார்கள். அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடியாமல் போகிறது. மேடையில் நின்றபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு எங்கள் ஆங்கிலத் துறையில் சில காட்சிகளைப் போட்டார்கள். ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் வரும் பணிப்பெண் வேடம் எனக்குக் கிடைத்தது. பெயர்கூட இல்லாத பாத்திரம். மேக்பெத்தின் மனைவியான ராணி தூக்கத்தில் எழுந்து நடப்பதைக் காட்ட வைத்தியரைக் கூட்டி வருகிறவள். ராணி அப்போது என்ன பேசினாள் என்று வைத்தியர் கேட்டால் சொல்ல மாட்டாள். தன் பேச்சுக்குச் சாட்சி இல்லை, அதனால் உங்களிடமும் சொல்ல மாட்டேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பாள். கொலைகாரன் ராஜாவாக இருக்கும் அரண்மனையில் வேலைக்காரர்கள் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ராணி கையில் மெழுகுவர்த்தியோடு வருவாள். அந்த விளக்கு எப்படி வந்தது என்று வைத்தியர் கேட்பார். எப்போதும் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு என்று நான் சொல்ல வேண்டும். முதல் அங்கத்தில், அடர்ந்த இரவே வா, என் கத்தி தான் போடும் காயத்தைப் பார்க்கக் கூடாது என்று இருட்டைக் கூப்பிட்டவளும் இதே பெண்தான். இப்போது இருட்டில் படுக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியர் இதை எங்கேயும் விளக்குவதில்லை. வேலைக்காரியின் வாயில் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகிறார்.

லண்டனில் 1785இல் சாரா சிடன்ஸ் என்ற நடிகை ராணி வேடத்தில் நடித்தபோது மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினார். அதுவரை விளக்கைக் கையிலேயே வைத்திருப்பதுதான் வழக்கம். மாற்றக் கூடாது என்று தியேட்டர் தரப்பில் தடுத்தும் அவர் கேட்கவில்லை. எங்கள் ஆசிரியையும் அப்படியே வைக்கச் சொன்னார். ராணியாக நடித்த அக்கா விளக்கை வைத்துவிட்டு, விரல் இடுக்கில் நகத்தால் சுரண்டி, மணிக்கட்டு வரை தேய்த்து, முகர்ந்து பார்த்து, திரும்பவும் தேய்ப்பார். தண்ணீர் கிடையாது. உலர்ந்த உள்ளங்கைகள் உரசும் சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்கும், பார்வையாளர்களுக்குக் கேட்காது. கால் மணி நேரம்கூட இப்படியே கழுவிக்கொண்டிருப்பாள் என்ற வசனமும் என்னுடையதுதான். ஒத்திகையில் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அந்தக் காட்சியில் அவள் பேசுவது செய்யுள்கூட இல்லை, துண்டு துண்டான உரைநடை. மணி அடிக்கிறது, கிழவரின் உடம்பில் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள், ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, இப்போது எங்கே, பாங்க்வோவைப் புதைத்தாயிற்று, கல்லறையிலிருந்து வர முடியாது. கடைசி இரண்டையும் கவனியுங்கள். பாங்க்வோ மேக்பெத்தின் சக தளபதி; அவனைக் கொல்லப்போவதை மேக்பெத் அவளிடம் சொல்லவே இல்லை. உனக்குத் தெரிய வேண்டாம், முடிந்த பிறகு கேட்டு மெச்சிக்கொள் என்று செல்லமாகத் தட்டிக்கழித்தவன் அவன். ஃபைஃப் பிரபுவான மக்டஃபின் மனைவி மக்களைக் கொன்றதிலும் அவள் கை இருந்ததாக நாடகத்தில் எங்கும் இல்லை. அவன் செய்ததையெல்லாம் இவள் தூக்கத்தில் சுமக்கிறாள். கொடூரக்காரி என்று அவளை ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

மேக்பெத்தின் குற்ற உணர்வு வேறு மாதிரி. அது கொலைக்கு முன்பே வந்துவிடுகிறது. டங்கன் என் உறவினர், என் அரசர், என் வீட்டு விருந்தாளி, கதவை அடைத்துக் காக்க வேண்டியவனே நான் கத்தியை எடுக்கலாமா என்று அவனே வாதாடுகிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைப் பெரும் பாவம் என்போம்; இங்கே உண்ண வந்தவருக்கே இரண்டகம். எல்லாம் தெரிந்தும் செய்கிறான். நிஜ டங்கன் 1040இல் போரில்தான் இறந்தார், கிழவரும் அல்ல. நிஜ மேக்பெத் 17 வருடம் ஆண்டார், 1050இல் ரோமுக்கு யாத்திரையும் போய் வந்தார். ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் டான்வால்ட் என்ற வேறொருவன் டஃப் என்ற அரசரைத் தன் கோட்டையில் தூங்கும்போது கொல்ல வைத்த கதை இருக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை எடுத்து மேக்பெத்தின் தலையில் கட்டினார். விருந்தாளி என்பது இல்லாவிட்டால் இந்தக் குற்றத்துக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

கொலை முடிந்து அவன் இறங்கி வரும் காட்சியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பேசினாயா, எப்போது, இப்போது, நான் இறங்கும்போதா என்று ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் போகும். பயந்துபோன இரண்டு பேர் இருட்டில் ஒருவரை ஒருவர் தடவித் தேடுவது போல இருக்கும். ஆமென் என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டதை அவளிடம்தான் சொல்லி அழுகிறான். கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம் என்று அவள் தேற்றுகிறாள். அந்த நிமிடம் வரை அவர்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை.

அப்புறம் வருவதுதான் விருந்துக் காட்சி. பாங்க்வோவின் ஆவி மேக்பெத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அவன் கண்ணுக்கு மட்டும். உடம்பு சரியில்லை, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று விருந்தினர்களிடம் சமாளித்து அனுப்பிவிடுகிறாள். எல்லோரும் போன பிறகு இருவரும் தனியாக இருக்கிறார்கள். திட்டுவாள் என்று எதிர்பார்ப்போம். திட்டவில்லை. மக்டஃபுக்கு ஆள் அனுப்பினீர்களா என்று, ஒரு அதிகாரியிடம் கேட்பது போல, ஐயா போட்டுக் கேட்கிறாள். உங்களுக்குத் தூக்கம் இல்லை என்கிறாள். அவ்வளவுதான். அதன் பிறகு நாடகத்தில் இருவரும் சேர்ந்து மேடைக்கு வருவதே இல்லை. அவள் இறந்த செய்தி வரும்போது, இன்னொரு நாள் செத்திருக்கலாம் என்பது போலத்தான் அவன் பேச்சு தொடங்குகிறது. தளபதியின் வீழ்ச்சியை என்னால் அளக்க முடிவது இந்த இடத்தில்தான். டங்கனின் மகன் மால்கமின் படை வந்து முடித்துவைப்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

இந்த விருந்துக் காட்சியைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டும். 1611இல் குளோப் அரங்கில் பார்த்த சைமன் ஃபோர்மன், ஆவி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார், அதாவது நடிகரே வந்திருக்கிறார். இயன் மெக்கெல்லனும் ஜூடி டென்ச்சும் நடித்த 1976ஆம் ஆண்டுத் தயாரிப்பின் பதிவில் ஆவி நம் கண்ணுக்குத் தெரியாது, மெக்கெல்லனின் முகம் மட்டும்தான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் நாம் மனைவியின் பக்கம் நிற்கிறோம், அவள் பார்க்கும் வெற்று நாற்காலியைத்தான் நாமும் பார்க்கிறோம். மேடையில் பார்த்தவர்கள், உங்கள் ஊரில் எப்படிப் போட்டார்கள் என்று எழுதுங்கள். பம்மல் சம்பந்த முதலியார் தமிழில் எழுதிய 'மகபதி'யை யாராவது நடித்தோ பார்த்தோ இருந்தால் அதையும் அவசியம் சொல்லுங்கள்.