வரைந்தவரே கட்டியும் கொடுத்தால்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மதுரைவாசி:
கட்டடக் கலைஞரிடமே வடிவமைப்பு, கட்டுமானம் இரண்டையும் ஒப்படைத்து வீடு கட்டியவர்கள் எழுதவும். எனக்கு ஒரு காலைப்பொழுது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. தளத்தின் முட்டுகளைப் பிரித்த மறுநாள், மாடிப்படியில் ஏறிய என் தம்பியின் நெற்றி உத்தரத்தில் இடித்தது. எங்கள் கட்டடக் கலைஞர் டேப்பால் அளந்தார். ஐந்தே முக்கால் அடிதான் இருந்தது. மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள், "வரைபடத்திலேயே பிழை, என் பிழை" என்றார். பழைய வீட்டில் ஒப்பந்தக்காரர் வரைபடத்தையும், வரைந்தவர் கொத்தனாரையும் கைகாட்டிக்கொண்டிருக்க, இரண்டு மழைக்காலம் தளம் ஒழுகியபடியே கிடந்ததால், அந்தச் சொல் எனக்குப் புதிதாக இருந்தது. படியை இடித்துத் தம் செலவில் மறுபடி வார்த்துக் கொடுத்தார். ஆனால் நெற்றி தப்பியிருந்தால் அதைச் சொல்லியிருப்பாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.

திருச்சி சைட் பொறியாளர்:
சொல்லியிருக்க மாட்டார். அப்படி வரைந்து கட்டியும் கொடுக்கும் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒரு நாள், கம்பியைப் பலகையில் ஒட்டாமல் உயர்த்திப் பிடிக்கும் சிறு வில்லைகளான கவர் பிளாக் போதவில்லை. கம்பி பல இடங்களில் பலகைமேலேயே படிந்து கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார், வாசலில் நின்ற கான்கிரீட் லாரியையும் பார்த்தார், "போடுங்கள்" என்றார். கட்டணத்துக்கு மேற்பார்வை மட்டும் செய்பவராக இருந்திருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பார். அன்று லாரிக்குப் பணம் கொடுத்தவரே அவர்தான்.

சுண்ணாம்பு:
திருச்சி நண்பர் ஒரே ஒருவரைக் கண்டு முறையையே பழிக்கிறார். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கொத்தனார்களோடு களத்தில் நின்று, கட்டும்போதே வடிவத்தைத் திருத்தியவர். செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டு முறையை அவரால் பரப்ப முடிந்ததும் அதனால்தான். அந்தச் சுவரில் ஏறத்தாழக் கால்பங்குச் செங்கல் மிச்சம். நண்பரின் அச்சம் புதிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகமே, உறுப்பினர்கள் கட்டுமான ஒப்பந்தம் எடுப்பதை 1970களின் பிற்பகுதிவரை தடுத்து வைத்திருந்தது.

நானும் வரைந்து கட்டிக் கொடுப்பவன்தான். என் அனுபவம் சிறியது: ஒரு மூதாட்டி வேப்பமரம் தெரியும்படி ஜன்னலை நகர்த்தக் கேட்டார், மறுநாள் காலையில் நகர்த்திவிட்டேன், இடையில் ஒப்பந்தக்காரர் இருந்திருந்தால் கூடுதல் பில் வந்திருக்கும்.

வீடு கட்டப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கட்டமைப்புப் பொறியாளரை நீங்களே நியமித்து, நீங்களே சம்பளம் கொடுங்கள். கம்பி கட்டி முடித்ததும் அவர் பார்த்துக் கையெழுத்திடாமல் கான்கிரீட் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சாதாரணச் சூழலில் தளத்துக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 கேட்கும் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன், 20 மில்லிமீட்டர். தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டு நிற்க வேண்டும். பணத்தை மாதக் கணக்கில் தராமல் முடிந்த வேலையை அளந்து தாருங்கள். ஒரு மழைக்காலம் கழியும்வரை ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள்.

மதுரைவாசி:
ஐயா, என் வீடு முடிந்து குடியேறியும் ஆயிற்று. ஆலோசனை நான் கேட்கவில்லை. திருச்சி நண்பரே, அந்தத் தளம் என்ன ஆயிற்று?

திருச்சி சைட் பொறியாளர்:
அடிப்புறம் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் புதுமனை புகுவிழாவுக்கு எனக்கும் அழைப்பிதழ் கொடுத்தார். நான் போகவில்லை.