ஜாதிக்காய்க்காக ஒரு தீவுக்கூட்டம்: டச்சுக் கம்பெனி செய்தது வணிகமா?

கணக்கர்:
ஐரோப்பியர் கடல் கடந்து ஆண்டதற்குப் பீரங்கியையே காரணம் சொல்கிறோம். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைப் பாருங்கள். வீட்டு வேலை செய்த பெண்கூட அதில் பங்கு வாங்கினார். ஊரே முதல் போட்டுக் கப்பல் விட்டதால் வென்றார்கள். வன்முறை ஓரத்தில் நடந்ததுதான்.

பழவேற்காட்டான்:
ஓரத்திலா? இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளைப் பாருங்கள். அன்று உலகத்துக்கே ஜாதிக்காய் அங்கிருந்துதான் போனது. 1621-இல் யான் பீட்டர்ஸூன் கூன் என்ற டச்சுக்காரர் படையோடு இறங்கினார். அவர் யாரோ ஒரு முரட்டுச் சிப்பாய் இல்லை, கம்பெனியின் கவர்னர் ஜெனரல். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படையை வைத்து வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடத்தில் ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்பது பரவலான மதிப்பீடு.

கணக்கர்:
அதை மறுக்கவில்லை. ஆனால் பண்டாக்காரர்கள் கம்பெனிக்கு மட்டுமே விற்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். 1609-இல் பேச வந்த டச்சுத் தளபதி வெர்ஹூஃபைக் கொன்றார்கள். அந்தக் காலத்தை இன்றைய நியாயத்தால் அளக்கலாமா?

பழவேற்காட்டான்:
வெர்ஹூஃப் கொலை உண்மை. அவர் சம்மதம் பெறாமலேயே பண்டாவின் நெய்ராத் தீவில் கோட்டை கட்டத் தொடங்கியதும் உண்மை. சரி, அந்த ஒப்பந்தத்தில் எல்லா ஊர்த் தலைவர்களும் கையெழுத்திடவில்லை. அப்புறம் சாப்பாடு? தீவில் போதிய தானியம் விளையாது. ஜாவா வணிகர் கொண்டுவரும் அரிசிக்கு ஜாதிக்காயைக் கொடுத்துத்தான் பிழைத்தார்கள். ஒருவனுக்கே விற்றால் பட்டினிதான்.

அந்தக் கால நியாயம் என்கிறீர்கள். கம்பெனியிலேயே வேலை பார்த்த கெய்சல்ஸ் அன்றைக்கே எழுதினார்: நாம் ஸ்பெயினை எதிர்த்து நம் மண்ணுக்காகப் போராடியதைப் போலத்தான் இவர்களும் போராடினார்கள் என்று. அவரும் அதே நூற்றாண்டு மனிதர்தானே?

கடற்கரைவாசி:
ஒன்று சேர்க்கிறேன். அந்த மசாலாவை வாங்கக் கம்பெனி கொண்டுபோனது பெரும்பாலும் நம் சோழமண்டலக் கரைத் துணி. பழவேற்காட்டில் கோட்டை வைத்தது அதற்காகத்தான். ஆட்களை அழித்த பிறகு பண்டாவை 68 தோட்டங்களாகப் பிரித்து அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். அவர்களிலும் நம் கரையிலிருந்து பிடித்துப்போனவர்கள் இருந்தார்கள்.

கணக்கர்:
கெய்சல்ஸ் எழுதியது எனக்குத் தெரியாது. ‘ஓரத்தில்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பங்கு முதல் இல்லாமல் அத்தனை கப்பல் கிளம்பியிருக்காது என்பதில் நான் மாறவில்லை.

பழவேற்காட்டான்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. கூனின் படையை ஏற்றிப்போனதும் அந்தக் கப்பல்கள்தான்.